வாயில் நீர் ஊறுகிறதா, சுரக்கிறதா?

#1 கேள்விக்குறி

மகளுக்கு நாளை அறிவியல் தேர்வு. செரிமான மண்டலம். "உமிழ்நீர்ச் சுரப்பிகள் உமிழ்நீரைச் சுரக்கின்றன" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "பாடகர் பாடுகிறார் என்பது போலத்தானே இது? சுரப்பி என்ன செய்கிறது என்று எங்கேயுமே சொல்லவில்லையே அப்பா" என்றாள்.

இரத்தத்திலிருந்து தண்ணீரை எடுத்து வாய்க்குள் விடுகிறது என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். மாட்டிக்கொண்டேன். விரலில் வெட்டுப்பட்டு வாயில் வைத்தால் இரத்தம் கரிக்கிறது, கண்ணீர் கரிக்கிறது, வியர்வை கரிக்கிறது, எச்சில் மட்டும் ஏன் கரிக்கவில்லை என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கிணற்றில் நீர் ஊறுவது போல் இரத்தத்திலிருந்து கசிந்து வருகிறதா? மடியில் பால் சுரப்பது போல் உள்ளேயே தயாராகி வருகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேர்வில் இது வராது என்று எனக்கும் தெரியும்.

#2 அரைக்கிணறு

இதில் குழப்பமே இல்லை நண்பரே. கிணறுதான். இரத்த அழுத்தம் நீரை நுண்குழாய்ச் சுவர் வழியாகத் தள்ளுகிறது, சுரப்பி வடிகட்டுகிறது, வாய்க்கு வருகிறது. சிறுநீரகத்தில் நடப்பதும் இதுதானே. எச்சில் கரிக்காததற்குக் காரணம் பழக்கம். பிறந்ததிலிருந்து நாக்கு அதிலேயே ஊறிக்கிடக்கிறது. அதன் உப்பு எப்படித் தெரியும்?

#3 கரும்பலகை

அரைக்கிணறு சொன்னதை 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரிய அறிஞர்களே நம்பினார்கள், அதனால் அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. (நான் உடலியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வடிகட்டல் என்றால் ஒரு விதியை மீற முடியாது. தள்ளுகிற பக்கத்தில்தான் அழுத்தம் அதிகம் இருக்க வேண்டும். 1851இல் கார்ல் லூட்விக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் இதைத்தான் சோதித்தார். நாயின் கீழ்த்தாடைச் சுரப்பிக்குப் போகும் நரம்பைத் தூண்டினார், எச்சில் வந்தது. எச்சில் வெளியே வரும் நாளத்தில் அழுத்தமானியைப் பொருத்தினார். தமனியிலும் ஒன்றைப் பொருத்தினார். எச்சில் நாளத்தின் அழுத்தம் தமனியின் அழுத்தத்தைத் தாண்டி ஏறியது.

பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நீர் தானாக ஏறுமா? ஏறாது. யாரோ இறைக்கிறார்கள். இரத்த அழுத்தத்தை மட்டும் நம்பிச் சுரப்பி வேலை செய்யவில்லை, அதன் செல்கள் சொந்த ஆற்றலைச் செலவழித்து நீரை வெளியேற்றுகின்றன என்பது அந்த ஒரு சோதனையில் உறுதியாகிவிட்டது.

சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் ஆணையை மறிக்கும் அட்ரோபின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிறகு இன்னொரு சான்றும் கிடைத்தது. அட்ரோபின் கொடுத்துவிட்டு அதே நரம்பைத் தூண்டினால் சுரப்பிக்குள் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இரத்தம் பாய்கிறது, எச்சில் மட்டும் ஒரு சொட்டும் வருவதில்லை. கிணறாக இருந்தால் இத்தனை நீர்வரத்துக்கு நிரம்பி வழிந்திருக்க வேண்டும்.

#4 அரைக்கிணறு

சரி, தோற்றேன். ஆனால் ஒரு சந்தேகம். தண்ணீரைப் பிடித்துத் தள்ளும் பம்பு எதுவும் செல்லில் கிடையாது என்று எங்கோ படித்திருக்கிறேன். அழுத்தமும் இல்லை, பம்பும் இல்லை என்றால் யார் இறைப்பது?

#5 கரும்பலகை

கேள்வி அருமை. நீங்கள் படித்ததும் சரி. தண்ணீரை நேரடியாக இறைக்கும் பம்பு உடலில் எங்குமே இல்லை. செல்களுக்குத் தெரிந்த தந்திரம் ஒன்றுதான்: உப்பை நகர்த்து, தண்ணீர் தானே பின்னால் வரும்.

சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தால் திராட்சைக் கொத்து போல இருக்கும். ஒவ்வொரு பழமும் நடுவில் சிறு குழிவைச் சுற்றி அமர்ந்த செல்களின் கூட்டம். காம்புகள் நாளங்கள். செல்லின் முதுகு இரத்தக் குழாய்ப் பக்கம், முகம் குழிவின் பக்கம்.

செல் முதுகுப் பக்கமாகக் குளோரைடை இழுத்துச் சேமித்து வைக்கிறது. சோடியத்தை விடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் பம்பு அதற்கான ஆற்றலைத் தருகிறது, செலவெல்லாம் அங்கேதான். நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற தூது வேதிப்பொருள் வந்து தொட்டதும் செல்லுக்குள் கால்சியம் எழும்புகிறது. முகப்பக்கத்தில் உள்ள குளோரைடு மடைகள் திறக்கின்றன. சேர்த்து வைத்த குளோரைடு குழிவுக்குள் பாய்கிறது. எதிர்மின்னூட்டம் போன இடத்துக்கு நேர்மின்னூட்டம் போகாமல் இருக்காது. சோடியம் செல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாகப் பின்தொடர்கிறது. இரண்டும் சேர்ந்தால் உப்பு. உப்பு சேர்ந்த இடத்துக்கு நீர் சவ்வூடு பரவி வந்துவிடும். முகப்பக்கச் சவ்வில் நீருக்கென்றே அக்குவாபோரின் என்ற புரத வாசல்களும் இருக்கின்றன.

கேள்விக்குறியின் மகளிடம் இப்படிச் சொல்லலாம். சுரப்பது என்றால் உப்பைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பது. நீர் விருந்தாளி மாதிரி, உப்பு போன வீட்டுக்குத்தான் போகும்.

#6 கேள்விக்குறி

ஐயா, மகளும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். உடனே சொன்னாள்: "அப்படியானால் எச்சில் இன்னும் அதிகமாக அல்லவா கரிக்க வேண்டும்?"

#7 கரும்பலகை

அவளைத் தேர்வு எழுத விடுங்கள், பிறகு என்னிடம் அனுப்பிவையுங்கள்!

அவள் சொன்னது உண்மை. திராட்சைப் பழத்துக்குள் இருக்கும் முதல்நிலை எச்சில் கிட்டத்தட்ட இரத்த நீர்மம் அளவுக்கே உப்பானது. அது காம்பு வழியாக வாய்க்கு வரும் வழியில்தான் இரண்டாவது வேலை நடக்கிறது. நாளத்தின் செல்கள் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. பதிலுக்குப் பொட்டாசியமும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் கொஞ்சம் விடுகின்றன. ஆனால் எடுப்பது அதிகம், கொடுப்பது குறைவு.

உப்பு திரும்பிப் போனால் நீரும் கூடவே போய்விடுமே என்று கேட்பாள். அங்கேதான் சூட்சுமம். நாளத்தின் சுவர் நீரை ஏறக்குறைய விடவே விடாது. உப்பு போகலாம், விருந்தாளிக்குக் கதவு சாத்தியாயிற்று. நீர் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு வாய்க்கு வருகிறது. சும்மா இருக்கும்போது ஊறும் எச்சிலில் சோடியம் இரத்தத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பொட்டாசியமோ இரத்தத்தைவிடப் பல மடங்கு.

எச்சில் வேகமாகப் பாயும்போது நாளத்துக்கு உப்பைப் பொறுக்கி எடுக்க நேரம் போதாது. அப்போது வரும் எச்சிலில் சோடியம் கூடும். பைகார்பனேட்டும் கூடும், அது வேறு கணக்கு.

அரைக்கிணறு சொன்ன "பழக்கம்" வாதத்திலும் பாதி உண்மை உண்டு. எச்சிலில் இருக்கும் கொஞ்ச உப்புக்கு நாக்கு பழகித்தான் இருக்கிறது. ஆனால் எச்சில் இரத்தம் அளவுக்குக் கரித்திருந்தால் உணவில் உள்ள இலேசான உப்பு நமக்குத் தெரியவே தெரியாது. நீர்த்த எச்சிலின் லாபம் அது.

#8 ஈறு

பல் மருத்துவர். இந்த இழையில் இவ்வளவு நேரம் ஒதுங்கி நிற்க முடிந்ததே பெரிது.

பெயர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய சுரப்பிகள் மூன்று இணை. காதுக்கு முன்னால் கன்னத்தில் பாரோடிட், தாடைக்கு அடியில் கீழ்த்தாடைச் சுரப்பி, நாக்குக்கு அடியில் நாவடிச் சுரப்பி. பாரோடிட்டைச் சில பாடநூல்கள் "மேலண்ணச் சுரப்பி" என்கின்றன. அதற்கும் மேலண்ணத்துக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பொன்னுக்குவீங்கி வந்தால் வீங்குமே, அதுதான் பாரோடிட். இவை போக உதட்டின் உட்புறம், கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கில் குட்டிச் சுரப்பிகள். கீழுதட்டின் உட்புறத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் பனித்துளி போல முளைப்பதைப் பார்க்கலாம்.

பாரோடிட் தருவது தண்ணீர் போன்ற எச்சில். நாவடிச் சுரப்பி தருவது வழவழப்பு. கீழ்த்தாடைச் சுரப்பி இரண்டும் கலந்தது. சும்மா இருக்கும்போது வாயை நனைப்பதில் பெரும்பங்கு கீழ்த்தாடைச் சுரப்பிக்கு. மெல்லத் தொடங்கியதும் பாரோடிட் முந்திக்கொள்ளும்.

பாடநூல் மீது எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. எச்சில் என்றாலே அமைலேஸ், மாவுச்சத்து, மால்டோஸ், முடிந்தது. உணவு வாயில் இருப்பது சில வினாடிகள். அதற்குள் அமைலேஸ் உடைக்கும் மாவுச்சத்து மிகவும் கொஞ்சம். விழுங்கிய பிறகு, இரைப்பையின் அமிலம் உணவு உருண்டையின் நடுப்பகுதிக்கு எட்டும் வரை, கூடுதலான வேலையை அது அங்கேதான் செய்கிறது. கணையமும் அமைலேஸ் தருவதால், எச்சில் அமைலேஸ் இல்லாவிட்டாலும் செரிமானம் நின்றுவிடாது.

எச்சில் இல்லாவிட்டால் நிற்பது வேறு. விழுங்க முடியாது. பேச முடியாது. கரையாத பொருளுக்குச் சுவை கிடையாது என்பதால் சுவையும் போகும். பற்கள் கண்ணெதிரே கரையும். பல் எனாமல் பி.எச். 5.5 அளவுக்குக் கீழே கரையத் தொடங்கும் (பி.எச். குறையக் குறைய அமிலம் அதிகம்). இனிப்புத் தின்ற சில நிமிடங்களில் பல்லின் மேல் உள்ள படலம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதைத் திரும்ப மேலே இழுத்து வருவது எச்சிலின் பைகார்பனேட். கரைந்த இடத்தில் மீண்டும் படிய வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் எச்சிலிலிருந்துதான் வர வேண்டும். கிருமிகளின் சுவரை அறுக்கும் லைசோசைம், ஐ.ஜி.ஏ. எதிர்ப்புரதம், வழவழப்புத் தரும் மியூசின் எல்லாம் இருக்கின்றன. 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் அந்த ஒன்றுக்கும் குறைவானதில்தான் இத்தனையும்.

#9 இரவுப்பணி

டாக்டர் அம்மா, தும்மலுக்கு ஒவ்வாமை மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். நடு இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் குடித்தால் இரண்டு நிமிடம் சரியாகிறது, பிறகு பழையபடி. உடலில் நீர்ச்சத்துக் குறைவா?

#10 ஈறு

நீர்ச்சத்தைவிட மாத்திரை மீதுதான் எனக்குச் சந்தேகம். மேலே கரும்பலகை ஐயா அசிட்டைல்கோலின் வந்து தொடுவதைப் பற்றிச் சொன்னார் அல்லவா? பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் பல அந்த இடத்தையே மறித்துக்கொண்டு உட்காரும். அட்ரோபின் நாய்க்குச் செய்ததை உங்களுக்குச் சிறிய அளவில் செய்கின்றன. கிணற்றில் நீர் இருக்கிறது, இறைக்கச் சொல்லும் ஆணைதான் போய்ச் சேரவில்லை. அதனால்தான் எவ்வளவு குடித்தாலும் தீர்வதில்லை. மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் சிறுநீர்ப்பைக்கான சில மருந்துகளும் இதையே செய்யும்.

போதாக்குறைக்கு, தூக்க நேரத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். நீங்கள் விழித்திருந்தாலும், இரவில் ஊறுவது பகலில் ஊறுவதைவிடக் குறைவுதான்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், அதிகம் உலர்த்தாத புதிய வகைகள் இருக்கின்றன. அதுவரை சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லுங்கள், மெல்லும் அசைவே சுரப்பிக்கு ஆணை. புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்ளாதீர்கள். எச்சில் ஊறும், பல் போய்விடும்.

மாத்திரை எதுவும் இல்லாமல் வாயும் கண்ணும் சேர்ந்து மாதக்கணக்கில் உலர்ந்தால் கதை வேறு. சுரப்பிகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் ஷோக்ரன் நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மி.லி. அளவில் ஊற வேண்டியது 0.1க்குக் கீழே போனால் நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம். ஒரு கோப்பையில் சில நிமிடம் வடியவிட்டு அளந்து பார்ப்பதுதான் சோதனை. பார்க்க அழகாக இராது.

#11 மௌனி

மேடையில் பேச எழுந்தால் எனக்கு வாய் வறண்டுவிடும். பயத்தில், பரபரப்புக்கான பரிவு நரம்பு வேலை செய்து எச்சிலை நிறுத்திவிடுகிறது, சரியா? ஓய்வுக்கான எதிர்ப்பரிவு நரம்பு சுரக்க வைக்கும், பரிவு நரம்பு நிறுத்தும் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன்.

#12 கரும்பலகை

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கரும்பலகையில் எழுதினேன். கண் பாவையிலும் இதயத்திலும் அந்த எதிரெதிர் கணக்கு சரிவரும். எச்சிலில் சரிவராது. பரிவு நரம்பும் சுரப்பியைத் தூண்டத்தான் செய்கிறது. நீர் குறைவாகவும் புரதம் அதிகமாகவும் உள்ள எச்சில் வரும்.

பிறகு மேடையில் ஏன் வறள்கிறது என்றால், அச்சத்தில் மூளையே எதிர்ப்பரிவு நரம்புக்குப் போகும் ஆணையை அடக்கிவிடுகிறது. தண்ணீரான எச்சில் நின்றுபோகிறது, கெட்டியானது மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் பிசுபிசுப்பைத்தான் வறட்சி என்கிறோம். வேகமாக வாய்வழி மூச்சு விடுவதும் மிச்சத்தை உலர்த்தும்.

#13 விடியல்

எல்லாரும் நோயைப் பற்றியே பேசுகிறீர்கள். காலையில் எழுந்ததும் வாயில் இருக்கும் எச்சிலைத் துப்பாமல் விழுங்கினால் இரைப்பை அமிலம் சமன்பட்டு நெஞ்செரிச்சலே வராது என்று படித்தேன். எச்சில் காரத்தன்மை உடையது என்று டாக்டரே சொல்கிறாரே?

#14 ஈறு

நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா, பைகார்பனேட் இருக்கிறது என்றேன்.

கணக்குப் போடுவோம். இரவில் எச்சில் ஊறுவதே அரிது. வாயில் ஒரு சமயத்தில் தங்கியிருக்கும் எச்சில் சுமார் 1 மி.லி. மெதுவாக ஊறியதால் அதில் பைகார்பனேட் மிகக் குறைவு. கழுவிவிட ஆளில்லாமல் இரவு முழுவதும் பெருகிய கிருமிகள் மட்டும் ஏராளம். மறுபக்கம் இரைப்பை, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் சுரக்கிறது. அதன் அமிலச் செல்களிலிருந்து புறப்படும்போது அமிலத்தின் பி.எச். 1க்கும் கீழே. அந்த 1 மி.லி. அங்கே போய் என்ன செய்யும்? விழுங்குவதால் கெடுதலும் இல்லை, நாள் முழுவதும் விழுங்கிக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஆனால் எச்சிலுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அமிலம் மேலேறி உணவுக்குழாயில் பட்டால், குழாயின் அசைவு பெரும்பகுதியைக் கீழே தள்ளிவிடும். சுவரில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைச் சமன்படுத்துவது அடுத்தடுத்து விழுங்கும் எச்சில். தூக்கத்தில் ஊறலும் இல்லை, விழுங்குதலும் குறைவு. இரவு நெஞ்செரிச்சல் கூடுதலாகப் புண்ணாக்குவதற்கு அது ஒரு காரணம். இரைப்பையில் எச்சில் செல்லாக்காசு. உணவுக்குழாயில் அதற்கு மதிப்பு உண்டு.

#15 கல்லுடைத்தவன்

பயனர்பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், காரணப்பெயர். உணவைக் கண்டாலே இடப்பக்கத் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு வீங்கும், உயிர் போகிற வலி. ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். முதலில் பார்த்த இடத்தில் பல்வலி என்று சொல்லி நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். வீக்கம் போகவில்லை. அடுத்த இடத்தில் நாக்கைத் தூக்கி விரலால் தடவிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்கள், எச்சில் நாளத்தில் கல். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிது. எடுத்ததும் தீர்ந்தது.

லூட்விக் நாயின் நாளத்தில் அளந்த அழுத்தத்தை என் தாடையில் நானே அளந்திருக்கிறேன். கேள்விக்குறியின் மகளுக்குச் சொல்லுங்கள், சத்தியமாகக் கிணறு இல்லை.

#16 ஈறு

இந்தக் கற்களில் பெரும்பாலானவை கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் வரும். அதன் நாளம் நீளமானது, கீழிருந்து மேல்நோக்கிப் போவது, எச்சிலும் கெட்டி. சாப்பிடும் வேளையில் மட்டும் வீங்கி வடிவதுதான் அடையாளம். அந்தப் பல்லுக்காக வருந்துகிறேன்.

#17 அரைக்கிணறு

வாயோடு நிறுத்திவிட்டீர்களே. கீழே உள்ளதெல்லாம் இதே கதைதானா?

#18 கரும்பலகை

அடிப்படை அதே. உப்பை நகர்த்து, நீர் பின்னால் வரும். எச்சில் ஒரு லிட்டர் அளவு, இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல்நீர் எல்லாம் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 லிட்டர். குடிப்பதையும் சேர்த்தால் 9. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மி.லி. மற்றதெல்லாம் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வயிற்றுப்போக்கு ஏன் இவ்வளவு வேகமாக ஆளைச் சாய்க்கிறது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும். நாம் குடித்த நீர் மட்டும் போகவில்லை, சுரந்த நீரும் திரும்பாமல் போகிறது.

எனக்குப் பிடித்தது கணையம். கட்டமைப்பு எச்சில் சுரப்பி மாதிரியேதான், திராட்சையும் காம்பும். ஆனால் காம்பு செய்யும் வேலை வேறு. எச்சில் நாளம் உப்பைத் திருப்பி எடுத்து நீரை விடாமல் மூடிக்கொள்கிறது. கணைய நாளமோ பைகார்பனேட்டைக் கொட்டுகிறது, நீரும் தாராளமாகக் கூட வருகிறது. வேகமாகச் சுரக்கும்போது அதன் பைகார்பனேட் இரத்தத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. விடியல் தேடிய அமில முறிப்பான் அங்கே இருக்கிறது, இரைப்பையைத் தாண்டிய அடுத்த வாசலில்.

ஆணை வரும் வழியும் வேறு. எச்சிலுக்கு ஏறக்குறைய எல்லாமே நரம்பு. புளிப்பு நாக்கில் பட்டதும் சில வினாடிகளில் வாய் நிறைவது அதனால்தான். கணையத்துக்கும் நரம்பு மட்டும்தான் என்று ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் நம்பியது. 1902இல் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆங்கிலேய உடலியலாளர்கள் நரம்புகளை அறுத்த சிறுகுடல் துண்டில் அமிலத்தை விட்டார்கள். கணையம் சுரந்தது. குடலின் உட்சுவரைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து, அந்தச் சாற்றை இரத்தத்தில் செலுத்தினார்கள், அப்போதும் சுரந்தது. அதற்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லே அதற்குப் பிறகு, 1905இல்தான் வந்தது. 1904இல் நோபல் பரிசு வாங்கிய பாவ்லோவ் தோற்றதை நேர்மையாக ஒப்புக்கொண்டார் என்று மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் மீது மரியாதை கூடும்.

#19 கேள்விக்குறி

தேர்வு முடிந்தது. எதிர்பார்த்தபடியே "உமிழ்நீரில் உள்ள நொதி எது" என்று ஒரு மதிப்பெண் கேள்வி. அமைலேஸ் என்று எழுதிவிட்டு, "ஆனால் பெரும்பாலும் இரைப்பையில்தான் வேலை செய்யும்" என்று பக்கத்தில் சேர்த்திருக்கிறாள். மதிப்பெண் வருமா போகுமா தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குக் குமட்டியது. வீட்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி தயார்: வாந்தி வருவதற்கு முன் வாய் ஏன் இப்படி ஊறுகிறது, அப்போது சாப்பிடப் போவதில்லையே?

#20 ஈறு

குமட்டலைத் தூண்டும் மூளைத்தண்டுப் பகுதிக்கும் எச்சில் சுரப்பிகளுக்கு ஆணை அனுப்பும் இடத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வாந்திக்கு முன்னாலேயே ஆணை போய்விடுகிறது. வேகமாகப் பாயும் எச்சில் என்பதால் பைகார்பனேட் அதிகம். மேலே வரப்போகும் அமிலத்திலிருந்து உணவுக்குழாய்க்கும் பல்லுக்கும் முன்கூட்டியே ஒரு பூச்சு.

அவளிடம் ஒன்று சொல்லுங்கள். வாந்தி எடுத்தால் உடனே பல் துலக்க வேண்டாம். எனாமல் இளகியிருக்கும், தேய்த்தால் தேயும். தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் எச்சிலிடம் விட்டுவிடச் சொல்லுங்கள்.